பூனை எத்தனை கிலோ?

“ஏனுங்க டீச்சர், ஒரு பூனை உள்ள உக்காந்து வர்றாப்ல கூடை பின்னோணும்னா எத்தனை நாளாகும்?”

ஆறுச்சாமி அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார். இன்னும் உள்ளேகூட வரவில்லை.

சுகந்தி டீச்சர் தலையை நிமிர்த்தவில்லை. கையிலிருந்த முடிச்சை இறுக்கினார்.

“பூனை எத்தனை கிலோ?”

“அது... ஒரு நாலு கிலோ இருக்குமுங்க.”

“எடை போட்டீங்களா?”

“பூனையை யாருங்க எடை போடுவாங்க?”

“உக்காருங்க,” என்றார் டீச்சர்.

அப்படித்தான் ஆரம்பித்தது.

*

டீச்சருக்கு முப்பத்து நாலு வயது. அண்ணனுக்கு அறுபத்து மூணு. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். மகள் வயதுப் பெண்ணிடம் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒயர் கூடை பின்னப் படித்தார். அவருக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. மனுசன் அந்த வகையில் நல்லவர்தான்.

எங்கள் ஹவுசிங் யூனிட்டில் சி பிளாக்கில், டீச்சரின் கீழ்வீட்டு ஹாலில்தான் வகுப்பு. காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை. நான், இன்னும் ரெண்டு பெண்கள், புதிதாக அண்ணன்.

டீச்சருக்கு வலது கையில் கடைசி ரெண்டு விரல் கிடையாது. பம்பு கம்பெனியில் வேலை பார்த்தபோது பிரஸ் மிஷின் எடுத்துக்கொண்டது என்று ஊரே சொல்லும். முதல் நாளே நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்.

“விரல் என்னாச்சுங்க டீச்சர்?”

“போச்சு.”

அவ்வளவுதான். எட்டு விரலும் அதுங்க பாட்டுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. அதற்கு மேல் கேட்க எனக்கே வாய் வரவில்லை. எனக்கே என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தம்மாவுக்கு ஒரே ஒரு விதிதான். எவ்வளவு சுமக்கணும் என்று தெரியாமல் ஒயரில் கத்தரிக்கோலை வைக்கக் கூடாது. சுமையைப் பொறுத்துத்தான் அடிக்கு எத்தனை ஒயர், கைப்பிடிக்கு எத்தனை இழை என்பதெல்லாம்.

என்னிடமும் கேட்டார்.

“கூடைல என்னக்கா போடுவீங்க?”

“காய்கறிங்க.”

“எத்தனை கிலோ?”

“அஞ்சு.”

“அஞ்சு கிலோவைத் தூக்கிட்டு சந்தையிலிருந்து நடப்பீங்களா?”

யோசித்துப் பார்த்தேன். “மூணு,” என்றேன்.

மூணு கிலோவுக்கு வெட்டிக் கொடுத்தார்.

*

பூனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அதன் பேர் அம்மிணி. எட்டு வருசத்துக்கு முந்தி, டிரான்ஸ்பார்மர் பெட்டிக்குள் ஒரு குட்டி மாட்டிக்கொண்டு கத்தியது. கரண்டை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டு, கரண்ட் நிற்பதற்குள்ளேயே அண்ணன் கையை விட்டு எடுத்துவிட்டார். அதுக்காக அவருக்கு மெமோ கொடுத்தார்கள். மெமோவையும் பூனையையும் ஒரே நாளில் வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

அண்ணி அதற்கு முந்தின வருசமே போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் ஓசூரில். அந்த வீட்டில் அண்ணன் யாரிடமாவது பேசினார் என்றால் அது அம்மிணியிடம்தான். “சாப்பிட்டியா கண்ணு”, “மழை வருது பாரு கண்ணு” என்று நாள் பூராவும் பேச்சு. எப்படித் தெரியும் என்கிறீர்களா? பி பிளாக்கில் நான் முதல் மாடி, அவர் ரெண்டாவது மாடி. அவர் வீட்டுத் தரைதான் என் வீட்டுக் கூரை.

ரெண்டு வாரமாக அம்மிணிக்கு உடம்பு சரியில்லை.

சோறு தொடுவதில்லை. மீனைப் போட்டால் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். தண்ணீரை மட்டும் நக்கி நக்கிக் குடிக்கும். குடித்ததையும் கக்கும். பாத்ரூம் தண்ணி போகும் ஓட்டைக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும். அங்கிருந்து ஒரு சத்தம் போடும். மியாவ் இல்லை. அடித்தொண்டையிலிருந்து வரும் ஒரு முனகல். பகல் பூராவும் அது என் தலைக்கு மேல் கேட்கும்.

நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

“மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கண்ணா,” என்று பத்துத் தடவை சொல்லியிருப்பேன்.

“கொண்டு போகோணும் வளரு. எதுல வச்சுக் கொண்டு போறது? பஸ்சுல துள்ளி ஓடிருச்சுன்னா?”

“ஒரு சாக்குல போட்டு...”

“சாக்குலயா? அது என்ன கோழியா?”

“அட்டைப் பெட்டி?”

“மூச்சு முட்டுமுங்க.”

அப்புறம் ஒருநாள் என் கையில் பாதி பின்னின கூடையைப் பார்த்தார். காற்றுப் போகச் சந்து இருக்கிறது, மூடி வைத்துப் பின்னலாம், கழுவலாம். “இதுதான் சரி,” என்றார். முகமே தெளிந்துவிட்டது.

நான்தான் அவரை டீச்சரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அதற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளணும்.

*

முதல் நாள் அண்ணன் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தார். முடிச்சை அதால் பிடித்து ஒரு இழு இழுத்தார். ஒயர் வெள்ளையாக வெளுத்துப்போனது.

டீச்சர் பிளேயரை வாங்கி அலமாரி மேல் வைத்தார்.

“கையில பிடிங்க.”

“லைன்மேன் கைங்க. பிளேயர் இல்லாம வராது.”

“வரும்.”

வந்தது. ரெண்டே நாளில் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். பச்சையும் வெள்ளையுமாக அடி பின்னி முடித்தார். ஒரு முடிச்சு ஏறவில்லை, இறங்கவில்லை. நான் ஆறு மாசமாகப் பின்னுகிறேன், என் கூடையின் வாய் இன்னும் கோணல்தான்.

“அருமையா வந்திருக்கு,” என்றார் டீச்சர். அந்தம்மா வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. எரிச்சலாகக்கூட இருந்தது.

மறுநாள் அண்ணன் வந்தார். பையில் கூடை அடி இல்லை. வெறும் ஒயர்தான் இருந்தது.

“ஒரு முடிச்சு சாஞ்சிருந்துதுங்க. பிரிச்சிட்டேன்.”

டீச்சர், “பூனை எத்தனை கிலோ?” என்று மட்டும் கேட்டார்.

“நாலுங்க. அன்னைக்கே சொன்னனே.”

மறுபடி அடி பின்னினார். மேலே ஏழு சுற்று ஏற்றினார். அடுத்த நாள் பார்த்தால் மூணு சுற்றுதான் இருந்தது.

“இந்தப் பக்கம் கலர் மாறி விழுந்திருந்துதுங்க.”

“பூனை எத்தனை கிலோ?”

“நாலுங்க.”

தினமும் இதே கூத்து. பகலில் பின்னுவார், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரிப்பார். தினமும் டீச்சரிடமிருந்து அதே கேள்வி. தினமும் அதே நாலு. பிரிக்காதீங்க என்று அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினோரு நாள் ஓடிவிட்டது.

என் தலைக்கு மேல் சத்தம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. அது நல்லதுக்கில்லை என்று எனக்குத் தெரியும்.

*

பன்னிரண்டாம் நாள் எனக்கு வந்ததே கோபம். அண்ணன் வருவதற்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துகொண்டேன்.

“டீச்சர், நீங்கெல்லாம் ஒரு மனுசிங்களா? அந்த வாயில்லா சீவன் அங்க உசுருக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்குது. அந்தாளு இங்க வந்து கலர் மாறிப்போச்சு, முடிச்சு சாஞ்சிருச்சுன்னு பிரிச்சுப் பிரிச்சு வெளையாடறாரு. நீங்க பாட்டுக்கு எத்தனை கிலோ, எத்தனை கிலோன்னு. நறுக்குன்னு நாலு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?”

டீச்சர் நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார்.

“நீங்க மேல போய்ப் பார்த்தீங்களாக்கா?”

“நானா?”

“நீங்கதான்.”

“படி ஏறினா எனக்கு மூட்டு வலிங்க டீச்சர்.”

“மொட்டை மாடியில தினம் துணி காயப் போடறீங்களே.”

மொட்டை மாடிக்கு அண்ணன் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகணும். தினமும் அந்தக் கதவைத் தாண்டி ஈரத்துணி வாளியோடு போயிருக்கிறேன், வந்திருக்கிறேன்.

அன்றைக்கு நான் போட்ட முடிச்சு ஒன்றுகூட உருப்படியில்லை.

*

அன்று மத்தியானம் ஏறிப் போனேன். பதினாலு படி.

அண்ணன் கதவைப் பாதி திறந்தார். “என்ன வளரு?”

“அம்மிணியைப் பார்க்க வந்தேன்.”

விலகி நின்றார்.

பாத்ரூம் வாசலில் கிடந்தது. பக்கத்தில் ஒரு தட்டில் மீன், காய்ந்துபோய். தட்டுக்குப் பக்கத்தில் ஒரு விளக்குமாறு.

“விளக்குமாறு எதுக்குங்ண்ணா?”

அப்புறம் புரிந்தது. தட்டைக் கையில் கொண்டுபோய் வைப்பதில்லை. தூர நின்று விளக்குமாற்றுக் கட்டையால் தள்ளி விடுகிறார்.

“தொடறதில்லையா?”

“வலிக்குமோன்னுதான்...”

அவர் குரல் கேட்டதும் அது தலையைத் தூக்கியது. எழுந்தது. எப்படி எழுந்தது என்று கேட்காதீர்கள். பின்னங்கால் ரெண்டும் நடுங்கின. ஒவ்வொரு அடியாக வைத்து அவர் காலைப் பார்த்து வந்தது.

அண்ணன் பின்னால் நகர்ந்தார்.

அது மறுபடி வந்தது.

அவர் கட்டில் மேல் ஏறிக்கொண்டார்.

பதினோராயிரம் வோல்ட் லைனில் முப்பத்தஞ்சு வருசம் ஏறி இறங்கினவர். ஒரு பூனை வருகிறது என்று கட்டில் மேல் ஏறி நிற்கிறார். அது கட்டில் காலில் தலையை முட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

“அண்ணா, என்னங்ண்ணா இது?”

“போயிரு வளரு,” என்றார். “கூடை முடிஞ்சதும் கொண்டு போயிருவேன். சத்தியமா.”

நேராக டீச்சர் வீட்டுக்குப் போனேன். பார்த்ததையெல்லாம் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

டீச்சர் கேட்டுக்கொண்டார். அப்புறம் உள்ளே போய்க் குழம்புக்குப் புளி கரைத்தார். எனக்கு அந்தப் புளிச்சட்டியைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

*

மறுநாள் வகுப்பு முடிந்ததும் அண்ணன் கூடையைப் பையில் வைக்கப் போனார்.

“இங்கயே இருக்கட்டும்,” என்றார் டீச்சர்.

“வீட்டுல கொஞ்சம்...”

“இங்கயே இருக்கட்டும்.”

வீட்டுக்குக் கொண்டுபோனால்தானே பிரிக்க முடியும்? ரெண்டே நாளில் கூடை முடிந்துவிட்டது. வாய் மடித்து, மூடி வைத்து, கைப்பிடிக்கு ஆறு இழை சுற்றி. கடையில்கூட அப்படி ஒரு கூடை கிடைக்காது.

முடிந்த கூடையை டீச்சர் சோதித்துப் பார்க்காமல் கொடுக்க மாட்டார். ஹாலில் ஊஞ்சல் கொக்கி ஒன்று உண்டு. பழைய பேப்பர் வாங்க வருகிறவர் வைத்திருப்பாரே, முள் ஓடும் தொங்கு தராசு, அதை அந்தக் கொக்கியில் மாட்டி வைத்திருப்பார். கூடையை அதில் தொங்கவிட்டு, சொன்ன எடைக்குச் செங்கல் வைப்பார். கைப்பிடி தாங்கினால் கூடை நமக்கு.

அண்ணன் கூடையைத் தொங்கவிட்டார். முள் கொஞ்சம் அசைந்து நின்றது.

“வெறுங்கூடை அரைக்கிலோ,” என்றார் டீச்சர்.

செங்கல் மூலையில் இருந்தது. அவர் எடுக்கவில்லை.

“செங்கல் வைக்கலீங்களா?”

“செங்கலா இதுல போகப் போகுது?”

அண்ணன் மூலையிலிருந்த செங்கலைப் பார்த்தார்.

“போறதைக் கொண்டாங்க.”

“நாளைக்குக் கொண்டாரனுங்க.”

“நான் இங்கதான் இருக்கேன்.”

“அப்ப கூடையைக் குடுங்க. அதுல வச்சுக் கொண்டாரேன்.”

“கூடை தராசுல இருக்கு.”

அண்ணன் எங்கள் எல்லோரையும் பார்த்தார். யாராவது ஏதாவது சொல்வோம் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நாங்கள் ஒயரைப் பார்த்தோம்.

எழுந்து போனார்.

பி பிளாக்குக்குப் போய் வர அஞ்சு நிமிசம். அரை மணி நேரம் ஆகியும் வரவில்லை. யாரும் பின்னவில்லை. டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு தராசுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

அப்புறம் வந்தார்.

ரெண்டு கையிலும் ஏந்தி, உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்தார். வெயில் கொளுத்தியது. செருப்புப் போடவில்லை. அம்மிணியின் தலை அவர் முழங்கைக்கு அந்தப் பக்கம் தொங்கியது.

துள்ளவுமில்லை, ஓடவுமில்லை.

*

கூடைக்குள் வைத்தார். அது கூடையின் ஒரு மூலைக்குப் போய்விட்டது. நாலு கிலோவுக்குப் பின்னின கூடை. இன்னும் ரெண்டு பூனைக்கு அதில் இடம் இருந்தது.

டீச்சர் முள்ளைப் பார்த்தார்.

“எத்தனை காட்டுது?”

“நீங்களே சொல்லுங்க டீச்சர்.”

“நீங்க படிங்க.”

“ரெண்டுங்க.”

“கூடை எத்தனை?”

“அரை.”

“மிச்சம்?”

அண்ணன் முகம் கோணிக்கொண்டு வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“மாத்திரை குடுத்தனுங்க,” என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

“சோபால இருந்து குதிச்சு, கால் நொண்டுச்சுங்க. என்ர மூட்டு வலி மாத்திரை வீட்டுல இருந்துது. எனக்குக் கேக்குதே, அதுக்கும் கேக்கும்னு... பாதி மாத்திரைங்க. பால்ல கலக்கி. ஏழு நாளு.”

டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நொண்டறது நின்னுருச்சுங்க. எட்டாம் நாள் சோத்தை விட்டுருச்சு. மருந்துக்கடையில போய்ச் சொன்னேன். அங்கிருந்த பொண்ணு, பூனைக்கா குடுத்தீங்கன்னு வாயில கையை வச்சுக்கிச்சு. கிட்னியைத் தின்னுரும்னு சொல்லுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனா அதைத்தானுங்க மொதல்ல கேப்பாங்க. என்ன குடுத்தேன்னு கேப்பாங்க. நான் என்னன்னு சொல்றது?”

மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“அது என்னையப் பார்த்தா வருதுங்க டீச்சர். கெடுத்தவன் நாந்தான்னு தெரியாம வருதுங்க. அதைத்தான் தாங்க முடியல.”

டீச்சர் குரல் மாறவே இல்லை.

“எத்தனை கிலோன்னு நெனச்சுக் குடுத்தீங்க?”

“என்னதுங்க?”

“மாத்திரை.”

அண்ணன் முள்ளைப் பார்த்துச் சொன்னார். “நெனைக்கவே இல்லீங்க.”

கூடைக்குள்ளிருந்து அந்த முனகல் மட்டும் வந்தது. எனக்குக் காதைப் பொத்திக்கொள்ளணும் போல இருந்தது. இங்கே டிவி இல்லை.

அண்ணன் எழுந்தார். கூடை மூடியைத் தொட்டுப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு விரலால் ஓரத்தைத் தடவினார்.

“மூடி இந்தப் பக்கம் சரியா உக்காரலீங்க டீச்சர். வழியில தெறந்துக்கும். இன்னைக்கு இதை மட்டும் பிரிச்சுச் சரி பண்ணிட்டு, நாளைக்குக் காலைல மொதல் வேலையா...”

டீச்சர் கூடைக்குள் கையை விட்டு அம்மிணியை வெளியே எடுத்தார். அண்ணன் கையில் வைத்தார்.

அலமாரியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

கைப்பிடியில் ஒரு பக்கம் வெட்டினார். மறுபக்கமும் வெட்டினார். ஆறு இழையும் அறுந்து, கூடை தொப்பென்று கீழே விழுந்து உருண்டது.

“அடிப்பாவி!” என்று கத்திவிட்டேன். பதினாலு நாள் உழைப்பு.

டீச்சர் என் பக்கம் திரும்பவில்லை. அண்ணனைப் பார்த்து, “இப்பப் பிரிக்க ஒண்ணுமில்ல,” என்றார்.

அண்ணன் கீழே கிடந்த கூடையைப் பார்த்தார். கையிலிருந்ததைப் பார்த்தார். அது அவர் முழங்கை மடிப்பில் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டு குறுகுறு என்று ஒரு சத்தம் போட்டது. அந்த நிலைமையிலும் போட்டது. தள்ளிப் பிடித்திருந்த கை கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சுக்கு வந்தது.

“அக்கா, நீங்க கூடப் போங்க,” என்றார் டீச்சர் என்னிடம்.

*

ஆட்டோவில் அண்ணன் பள்ளத்தில் வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் முழங்கையைத் தூக்கித் தூக்கி ஆட்டம் படாமல் பிடித்துக்கொண்டார்.

மாட்டாஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் ஒரு கன்றுக்குட்டி, ரெண்டு ஆடு. அப்புறம் எங்களைக் கூப்பிட்டார்கள். சின்ன வயது டாக்டரம்மா. அண்ணன் கையில் இருக்கும்போதே வாயைத் திறந்து ஈறைப் பார்த்தார். தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளின இடம் அப்படியே நின்றது.

“என்ன குடுத்தீங்க?”

கேட்டேவிட்டார். எந்தக் கேள்விக்குப் பயந்து ஒரு மனுசன் பதினாலு நாள் கூடை பின்னினாரோ அந்தக் கேள்வி.

“மூட்டு வலி மாத்திரைங்க. என்னோடது. பாதிப் பாதியா ஏழு நாளு.”

“எப்ப?”

“ஒரு மாசமாச்சுங்க.”

“இத்தனை நாளா என்ன பண்ணீங்க?”

“கூடை பின்னிட்டிருந்தனுங்க.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நான் மட்டும் என்ன பண்ணிக்கொண்டிருந்தேன்?

“திட்டுங்கம்மா,” என்றார் அண்ணன். “நல்லாத் திட்டுங்க.”

“திட்டினா நேரந்தான் போகும். அது வலியில இருக்கு.” டாக்டரம்மா கையுறையை மாட்டினார். “ரெண்டு கிட்னியும் போயிருச்சு. தண்ணி ஏத்தினா ரெண்டு மூணு நாள் இழுக்கும், இதே மாதிரி. இல்லைன்னா ஒரு ஊசி இருக்கு. தூங்கிரும். நீங்கதான் சொல்லணும்.”

அண்ணன் குனிந்து அதன் காதுக்குள் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. கண்ணு என்ற ஒரு சொல் மட்டும் கேட்டது.

“ஊசி போட்டுருங்கம்மா.”

“வெளில இருக்கீங்களா?”

“இல்லீங்க. நான் பிடிச்சுக்கறேன்.”

டாக்டரம்மா ஊசியைப் பிரித்தார். மருந்துப் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, ஊசியைக் குத்தி, அப்படியே நிறுத்தினார்.

“எடை பார்க்கணும். மேசையில தராசு இருக்கு. வைங்க.”

அண்ணன் வைக்கவில்லை. தராசைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஒன்றரை கிலோ,” என்றார். “எடை போட்டாச்சுங்க.”